மெரிதாவின் கீழ்ப்போர்ஷன்

கோவில்பத்து, காரைக்கால்
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மெக்சிகோவில் அந்த மெரிதா ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நம்புகிறோம். போனில் பேசாமல் எதற்காக எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன் அம்மாவிடமிருந்து என் கைக்கு வரும்போது உனக்கு ஆபீஸ் வேலை தொடங்கிவிடுகிறது, நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கே மழை உண்டா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஏற்கெனவே ஒன்று எழுதிக் கிழித்தாயிற்று, இதிலும் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஆனால் டாக்டர் குறைக்கச் சொன்ன உப்புக் கணக்கில் கருவாடு சேராது என்று வாதாடுகிறாள். நீ அனுப்பிய படங்களை இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உயரமான சுவர்கள், கொக்கியில் கட்டிய வலை ஊஞ்சல், சந்தையில் குவிந்து கிடக்கும் பப்பாளியும் மிளகாயும், எல்லாம் மனதுக்கு நிறைவாக இருந்தது. பாரிஸில் கட்டிலை மடித்தால்தான் கதவு திறக்கும் ஓர் அறைக்கே உன் சம்பளத்தில் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது, காய்ச்சல் வந்தாலும் லீவு போடப் பயந்தாய். இப்போது அதே கம்பெனி வேலையை அங்கிருந்து செய்து, மீன் வாங்கிச் சமைத்து, சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறாய். முகத்தில் சதை பிடித்திருப்பது எனக்கே தெரிந்தது. உன் மாமா அடைக்கலராஜ்தான், "ஊரெல்லாம் மெக்சிகோவுலேர்ந்து அமெரிக்காவுக்கு வேலி தாண்டி ஓடுது, உங்க பொண்ணு வேலி தாண்டி உள்ள போயிருக்கே மச்சான்" என்று சிரித்தார். அம்மாதான், "அங்க போயித்தான் புள்ள மூணு வேள சோறு திங்கிது, அது போதும்டா" என்றாள். என் கருத்தும் அதுவே. வரவுக்கு ஏற்ற ஊரைத் தேடிப் போவதில் தாழ்வு எதுவும் இல்லை. நம் தெருவின் சொல்தா குடும்பங்கள், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள், வேறு என்ன செய்கிறார்கள்? அங்கே இழுத்துப் பிடித்துச் செலவழிக்கும் யூரோ இங்கே தாராளமாகப் போதுகிறது.

போன வாரம் நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் எங்களை அழைத்துச் சில மாதங்கள் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாய். நீ இருக்கும் மாடிக்கு என் முழங்கால் ஏறாது என்பதால் கீழ்ப்போர்ஷனையும் உனக்கே தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அங்கே மகளுடன் இருக்கும் தையல்கார அம்மாள் நெடுநாளாகப் பழைய வாடகையே கொடுக்கிறார், நீ சரி என்றால் அவரைக் காலி செய்யச் சொல்லிவிடுவார், வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். சட்டப்படி தவறில்லை, நாம் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுக்கத்தான் போகிறார்கள் என்றும் சொன்னாய். அது சரியாகவே இருக்கலாம். அன்றைக்கு நான் "பாத்து செய்ம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் ஆகாது.

மறுநாள் எதிர்வீட்டில் பால் காய்ச்சினார்கள். அல்லா பிச்சை குடும்பம் இருந்த வீடு, சின்ன வயதில் நீ தூக்கு எடுத்துக்கொண்டு நோன்புக் கஞ்சிக்குப் போவாயே, அதேதான். வீட்டுக்காரர் பஞ்சநாதன் கெட்டவர் இல்லை, பிரான்ஸிலிருந்து திரும்பிய ஒரு பென்ஷன் குடும்பம் அதிக வாடகை சொன்னதும் அவருக்கும் மனம் மாறிவிட்டது. அல்லா பிச்சை மறுபேச்சில்லாமல் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருமலைராயன்பட்டினம் போய்விட்டார். நாங்கள் பாலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் மனைவி அமீர் நிஷா வாசலில் வந்து நின்றார், கேஸ் சிலிண்டர் இன்னும் பழைய விலாசத்துக்கே வருகிறதாம், விசாரிக்க வந்தவர். புதிதாகக் குடிவந்த அம்மாளுக்கு ஆள் தெரியாது. அழைப்பின்பேரில் வந்தவர் என்று நினைத்து, "வாங்க வாங்க, வாசல்லயே நிக்கிறீங்களே" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்து ஒரு தம்ளர் பாலைக் கொடுத்துவிட்டார். தெருக்காரர்கள் அத்தனை பேர் இருந்தோம், ஒருவருக்கும் வாய் எழவில்லை. அமீர் நிஷா பாலை முழுதும் குடித்தார். "எந்தப் பக்கங்க பொங்குச்சு?" என்று கேட்டார். "கிழக்காலதாங்க, நல்ல சகுனம்னு சொன்னாங்க" என்றார் அந்த அம்மாள். "நாங்க குடிவந்தப்பவும் கிழக்காலதாங்க பொங்குச்சு" என்று சொல்லித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து உன்னை விசாரித்தார். மெக்சிகோவில் இருக்கிறாள், அங்கே செலவு கம்மி என்றாள் அம்மா. "செலவு கம்மின்னா நல்லதுதாங்க, புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். வந்தவர் யார் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் மீதிப் பாலை யாருக்கும் ஊற்றவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை ஜோவிதா. அவரும் உன்னைப்போல் மூச்சுவிட ஓர் இடம் தேடி வந்தவர்தான்.

ஆகையால் கீழ்ப்போர்ஷன் வேண்டாம்மா. நீ மறுத்தும் வீட்டுக்காரர் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம், அதைத் தடுக்க நம்மால் முடியாமல் போகலாம். ஆனாலும் எனக்காக ஒருவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. ஊரைவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, அந்த ஊர் உனக்குப் பிடித்திருக்கிறது, அங்கேயே இரு. தையல்கார அம்மாளை இருக்கவிட்டால் நீயும் நெடுங்காலம் தங்குவதாக வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார், கேட்பதில் நஷ்டம் இல்லை. இதில் எனக்குத் தெரியாத சங்கதிகள் இருக்கலாம், இருந்தால் திருத்து. முழங்காலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் மெதுவாக ஏறலாம் என்றுதான் சொன்னார், பயந்து நிறுத்தியது நான். இப்போது தினமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி இறங்குகிறேன். அம்மா கீழே நின்றுகொண்டு, "என்னங்க, மெக்சிகோ வந்திடிச்சா?" என்று கேட்கிறாள். உன் மேல்வீட்டு அறையில் எங்களுக்கு ஒரு பாய் போட இடம் இருந்தால் போதும், தையில் வருகிறோம்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வேலை வேலை என்று பூசையை விட்டுவிடாதே. சேசுவும் மாதாவும் உன் போக்கிலும் வரவிலும் கூட இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிவிடு. கீழே இருக்கும் அந்த அம்மாளின் பெயரை நீ இதுவரை சொல்லவில்லை. தெரியாவிட்டால் இறங்கிப் போய்க் கேட்டு எழுது. இரவு ஜெபத்தில் அவர்களுக்காகச் சொல்லத் தொடங்கியபோது அம்மா, "பேரு தெரியாம எப்படிங்க வேண்டிக்கிறது?" என்று நிறுத்திவிட்டாள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா,
ஞானாதிக்கம்
(அம்மா சகாயம்மாளின் முத்தங்களும்)