சந்தனப் பொட்டுக்கு அடியில்

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று கம்பெனிக்குப் பஸ். காரை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மினி பஸ் டிரைவர் டியூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு, கூட்டாளிகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பிளவக்கல் அணைப்பக்கம். கூமாப்பட்டி வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்களாம், பக்கத்தில் இருக்கிற நாம் போகாவிட்டால் அசிங்கமாம். போகட்டும். ஶ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரை ஒற்றைக் காலில் நின்றது நான்தானே. நாற்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் எடுத்து, பழைய கார் என்றாலும் என் பெயரில் வாங்கியது, மறுபடியும் கம்பியைப் பிடித்துத் தொங்கவா?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வீட்டில் ஓர் அதிசயம். நான் குளித்து வருவதற்குள் அவரே சந்தனம் கரைத்துக் காருக்குப் பொட்டு வைத்து முடித்துவிட்டார். முன் கண்ணாடியில் இடது ஓரமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, நடுவில் குங்குமம். "எதுக்குங்க இம்புட்டுப் பெருசா?" என்றேன். "கண்ணு படக் கூடாதுல்ல. தானா உதிருற வரைக்கும் தொடச்சுப்புடாத" என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு பூஜைக்கும் பூக்கூட வாங்கி வராத மனுஷன். திருந்திவிட்டார் என்று தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

பேனா அழுந்தித் தாள் கிழிகிறது. கோபத்தில்தான்.

ஷிப்ட் முடிந்து காரில் ஏறினேன். பகல் பூராவும் வெயிலில் கிடந்த வண்டி, உள்ளே அடுப்பு. ஏசியை முழுசாகத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பொட்டுப் பக்கமிருந்து கண்ணாடியில் ஒரு கோடு கிளம்பி, என் கண் முன்னாலேயே நடுப்பக்கம் ஓடி வந்து நின்றது. ஒரு சாண் இருக்கும்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தால் மேலே குடோன் கூரையின் விளிம்பு. காலையிலிருந்து பழைய ஓட்டைப் பிரித்துத் தகரம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதன் ஓரமாகத்தான் என்னை நிறுத்தச் சொன்னது வாட்ச்மேன் பால்சாமி. போனேன் கேட்டுக்கு. ஷிப்ட் மாறுகிற நேரம், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி மடிக்கிற பெண்கள் அத்தனை பேரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். "கண்ணு அவிஞ்சா போச்சு? ஓடு பிரிக்கிற எடத்துலயா வண்டிய விடச் சொல்லுவீரு?" என்று கத்தினேன்.

"யம்மா, ஒரு ஓட்டுச் சில்லு அங்கிட்டு விழலம்மா. நான் இங்கனயேதான நிக்கேன்" என்றார்.

"அப்பம் கண்ணாடி தானா கீறிக்கிருச்சோ?"

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டில் இவர் செத்த நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். தொடக்கூட இல்லை. பிறகு, "எங்கன கொண்டுபோயி விட்ட?" என்றார். நின்ற வண்டி என்றேன். "இருபத்தாறு வருசமா ஸ்டியரிங் பிடிக்கேன். எங்கையில ஒரு கண்ணாடி கீறினதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த வசனத்தைத் தெருவில் கேட்காத ஆள் கிடையாது.

அக்டோபர் 10, வெள்ளி

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். குவாலிட்டி சூபர்வைசர் எழுதிக் கொடுத்தால் சும்மா விட முடியாது. மதியத்துக்குள் பால்சாமியைக் கேட்டிலிருந்து எடுத்துப் பின்னால் ப்ளீச்சிங் தொட்டிப் பக்கம் போட்டுவிட்டார்கள். அங்கே நெடி மூக்கைத் துளைக்கும். உட்கார நாற்காலியும் இல்லை.

"யக்கா, பாவம்க்கா அவரு, பதினோரு வருசமா கேட்டுல இருந்தவரு" என்றாள் விஜி, என் செக்‌ஷன் பெண். என் கண்ணாடி மட்டும் பாவம் இல்லையா?

கோடு மூன்று விரல் வளர்ந்திருக்கிறது. துணியில் குறை இருக்கிற இடத்தில் சிவப்பு நூல் கட்டுவதுபோல, கோட்டின் நுனியில் மார்க்கர் பேனாவால் தேதி போட்டு வைத்தேன்.

அக்டோபர் 11, சனி

சாவியைக் காணோம். அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

"கீறல் விட்ட கண்ணாடிய வச்சுக்கிட்டு பொம்பள ஓட்டப்பிடாது. திங்கக்கெழமைல இருந்து பஸ்ல போ. கண்ணாடிய நான் பாத்துக்கிறேன், அவசரமில்ல."

ஏன், ஆம்பிளை ஓட்டினால் கீறல் ஒட்டிக்கொள்ளுமா? ரயில்வே கேட்டில் நான் ஒரு தடவை வண்டியை ஆஃப் பண்ணிவிட்டதை எதிர்வீடு, பக்கத்து வீடு, டீக்கடை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் இவர். இப்போது சாவியும் போச்சு. இந்தக் காருக்காக நான் எத்தனை பேச்சு வாங்கியிருக்கிறேன்! விட மாட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஓட்டத்தானே கூடாது, கழுவலாம் இல்லையா. கழுவினேன். சந்தனப் பொட்டில் தண்ணீர் படாமல், அதைச் சுற்றி மட்டும் துணியால் துடைத்தேன். பாதி உதிர்ந்தும் அப்படியே அப்பிக்கொண்டிருக்கிறது. கோடு இப்போது டிரைவர் பக்கம் வரை வந்துவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

பஸ். நின்றபடி. செருப்பு வாரும் அறுந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

அவர் டியூட்டிக்குப் போகும் அவசரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு போயிருந்தார். கொடியில் கிடந்த பழைய சட்டையிலிருந்து சாவியை எடுத்தேன். என் சாவியை நானே திருடினேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக இராஜபாளையம், ஜோயல் தம்பியின் கார் கண்ணாடிக் கடை.

ஜோயல் கோட்டின் மேல் விரல் வைத்துக்கொண்டே பின்னோக்கிப் போய்ப் பொட்டில் நின்றான். "அக்கா, அடிபட்ட எடம் இதுக்கு அடியிலதான் இருக்கு. பூஜை பண்ணி வச்சிருக்கீங்க, நான் தொடக் கூடாது. நீங்களே எடுத்துருங்க" என்றான்.

எடுத்தேன். நகத்தால் சுரண்டித் தாளில் போட்டுவிட்டு, ஈரத் துணியால் நாலு தேய்ப்பு. அடியில் ஒரு பள்ளம். மிளகு அளவு. சுற்றிலும் நட்சத்திரம் மாதிரிச் சின்னச் சின்னக் கீறல்கள், அத்தனைக்கும் உள்ளே சந்தனம் இறுகிப்போய் மஞ்சளாக.

"மேல இருந்து ஓடு விழுந்தா இப்படி இருக்காதுக்கா. இது எதுத்தாப்புல இருந்து தெறிச்ச கல்லு. கல்லு பட்டதுக்குப் பொறவுதான் பொட்டு வச்சிருக்கு, இல்லன்னா உள்ள சந்தனம் எப்படிப் போகும்? அன்னைக்கே வந்திருந்தா அரை மணி நேரத்துல பசை ஏத்தி அடைச்சிருப்பேன். இப்பம் அழுக்கு ஏறிருச்சு. வெயிலும் ஏசியும் சேந்து இழுத்துருச்சு. முழுக் கண்ணாடியும் மாத்தணும். மதுரைல இருந்து வரணும்க்கா, நடுவுல தீவாளி வேற. பத்து நாளாகும்."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன்: கிழிசல் போய் முடிகிற இடத்தைப் பார்க்காதே, முதல் நூல் எங்கே அறுந்தது என்று பார். ஊருக்கு உபதேசம். ஐந்து நாளாக நுனியில் தேதி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் பேனா வைத்து! தொடங்கின இடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக் காவல் காத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். 'திருந்திவிட்டார் என்று தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.' அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தின்னலாம் போல இருந்தது.

அதே நாள், மாலை

சுரண்டின சந்தனத்தைத் தாளில் மடித்து வைத்திருந்தேன். அவர் டீ குடிக்க உட்கார்ந்ததும் டம்ளருக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே வேர்த்துவிட்டது அவருக்கு.

"அன்னைக்கு அணைக்குப் போறப்ப, வத்திராயிருப்பு தாண்டி ஒரு டிப்பர் லாரி முன்னால போச்சு. பொடிக் கல்லுதான். டப்புன்னு வந்து பட்டுருச்சு."

"கல்லு தெறிச்சா யாரு என்னங்க செய்ய முடியும்? அத சொல்றதுக்கு என்ன?"

"இருபத்தாறு வருசம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் எனக்கு என்னென்னவோ வந்தது வாயில். நீ சிரிப்பேன்னு! அந்தப் பால்சாமிய நாய விரட்டுற மாதிரி விரட்டிட்டு வந்து நிக்கேனே, அப்பமாவது வாயத் திறந்தாரா இந்த மனுசன்? எம்பேர்ல வாங்குன வண்டி, எஞ்சாவியப் பிடுங்கி வச்சுக்கிட்டு, பொம்பள ஓட்டப்பிடாதுன்னு எனக்கே சட்டம்! சாமிய வேற கூட்டுச் சேத்துக்கிட்டாரு பாரு, அதத்தான் பொறுக்க முடியல.

கத்தித் தீர்த்தேன். அவர் எழுந்து போகவில்லை, வாங்கிக்கொண்டார். அது ஒன்றுதான் அவர் செய்தது.

எழுதி முடித்துவிட்டு யோசிக்கிறேன். முப்பதாம் தேதியே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? சிரித்திருப்பேன். தெரு முழுக்கச் சொல்லியும் இருப்பேன். அதற்காக?

அக்டோபர் 15, புதன்

பேச்சு வார்த்தை இல்லை. குழம்பில் உப்புப் போடவில்லை. மறந்து அல்ல. மனுஷன் மூச்சு விடாமல் சாப்பிட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினேன். பிறகு ப்ளீச்சிங் தொட்டிப் பக்கம் போனேன். பால்சாமி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். கண் சிவந்திருந்தது. தப்பு என்மேல்தான், கல் வேறெங்கோ பட்டது என்று சொன்னேன். பெரிய மனதோடு விட்டுவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், பொய் சொல்வானேன்.

துண்டை இறக்கினார். "பதினோரு வருசமா நிக்கேன்மா. ஒருத்தர் என்னைய கை நீட்டிப் பேசினதில்ல. எம் மருமக வேலை பாக்குறா உங்க செக்‌ஷன்ல. அவ முன்னாடி கேட்டீக, கண்ணு அவிஞ்சு போச்சான்னு. இப்பம் யாருமில்லாத எடத்துல வந்து மெதுவாச் சொல்லுதீக."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"பழி எங்கன விழுந்துச்சோ அங்கன வச்சு எடுங்க."

எனக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது. அவர் மேல் இல்லை. அவர் சொன்னதில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாத ஆத்திரம்.

அக்டோபர் 17, வெள்ளி

செய்தேன். நாலரை மணி, கேட், எல்லோரும் வெளியே வருகிற நேரம். "அன்னைக்கு இவர நான் பேசுனது அத்தனையும் தப்பு. முந்தியே வெளிய கல்லுபட்ட கண்ணாடி. தெரியாம இவரு மேல பழி போட்டுட்டேன். எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கேன்." யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பால்சாமி தலையை மட்டும் ஆட்டினார். தீபாவளி கழித்து மறுபடி கேட்டுக்கே அவரைப் போடுவதாக மேனேஜர் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் ஒரே வாக்கியம் பேசினேன்: "உங்களுக்காக நான் கேட்டுல நின்னேன்." கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

புதுக் கண்ணாடி. அவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். "பொட்டு ஏதும் வைக்கணுமாக்கா?" என்று ஜோயல் கேட்டான். ஒரு மண்ணும் வேண்டாம் என்றேன்.

கேட்டில் பால்சாமி. வேப்ப மர நிழலில் இடம் காலியாகக் கிடந்தும் எனக்குக் கையைக் காட்டியது வெயில் பக்கம். போய் வெயிலில் நிறுத்தினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்று, "அரிசி மூடை எடுக்கணும். சாவி தாரியா?" என்றார். கேட்டார். எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வண்டி வந்து நின்ற சத்தம். ஆள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறார்.

"ஏட்டி, செத்த வா. பின்னாடி பம்பர்ல ஒரு கீறல். பால் பூத் தூண்ல நானே இடிச்சுட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது பாக்கல."

போய்ப் பார்த்தேன். நகக்கீறல் அளவு. நாலு நாள் தூசி படிந்தால் யாருக்கும் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, மூடைய எறக்குங்க" என்றேன்.

அடுக்களைக்குள் வந்து, குழாயைத் திறந்துவிட்டு, அதன் பிறகுதான் சிரித்தேன்.