வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே கேடயம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாம் சுகம், உன் அம்மாவின் இடது காலைத் தவிர, அது பழையபடிதான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கினால் எங்களுக்கு வேறு குறையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என்னை மேடையேற்றிக் கௌரவித்தார்கள். பதறாதே, நான் எதையும் சாதித்துவிடவில்லை. சிவில் நீதிமன்றங்களைச் சீர்திருத்திய தலைவருக்குப் பாராட்டு விழா. அந்தச் சீர்திருத்தத்தால் பயனடைந்தவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். நம் வழக்குதான் உனக்குத் தெரியுமே. வாசலில் செங்குத்தாகப் படிகள், அம்மாவின் சக்கர நாற்காலி இறங்காது. பக்கத்துச் சந்து வழியாகப் போகலாமென்றால், கடிகாரம் பழுதுபார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் அங்கே இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். அதைத் திறக்கச் சொல்லி வழக்குப் போட்டு நாலைந்து வருஷமாகிறது, அம்மாவுக்குத் தெரு என்பது ஜன்னலளவுக்குச் சுருங்கிவிட்டது. வழக்குகள் இப்படித் தேங்குவதைக் கண்டு மனம் நொந்த தலைவர், வருஷம் பிறந்ததும் எல்லா வழக்குக்கும் புது எண் கொடுக்க ஏற்பாடு செய்தார். இப்போது நம் நீதிமன்றத்தில் பழைய வழக்கு ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு எளிய வழி இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லையே என்று பேசியவர்கள் எல்லாரும் வியந்தார்கள். விழா வேலை இருக்கிறது என்று அந்த வாரம் நம் வழக்கைத் தள்ளிவைத்திருந்தார்கள், அதையும் நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.

மேடையில் என் பக்கத்து நாற்காலியில் யார் என்று நினைக்கிறாய்? கடிகாரக்காரர். பயனடைந்தவர் பட்டியலில் வழக்கின் பெயரை அப்படியே எழுதிக்கொண்டு வாதி, பிரதிவாதி இரண்டு பேரையும் அழைத்துவிட்டார்கள். வழக்கு ஒன்று என்பதால் கேடயமும் ஒன்று. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தோம். நல்ல கனம். என் முதுகு தாங்காது என்று அவர்தான் வீட்டுக்குத் தூக்கிப் போனார். நான் வந்து விவரம் சொன்னதும் உன் அம்மா, கேடயத்தையும் எதிர்க்கட்சிக்கு விட்டுக்கொடுத்துட்டு வந்த ஒரே வாதி நீங்கதான் என்றாள்.

மறுநாள் காலையில் மனுஷனுக்கு மனசு உறுத்தியிருக்கிறது, இந்த வாரம் உங்க வீட்டில் இருக்கட்டும் என்று கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சுமையோடு நம் படி ஏற முடியுமா? சந்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். உன் அம்மா கேடயத்தைப் பார்க்கவே இல்லை. விறுவிறுவென்று சக்கரத்தை உருட்டிப்போய்க் கதவு நிலைக்கு நடுவில் நிறுத்திவிட்டு, "இப்போ மூடுங்க, பார்க்கலாம்" என்றாள். அவர் கேடயத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகுதான் வாயைத் திறந்தார். ராத்திரியில் கண்டவனும் சந்தில் வந்து குப்பை போடுகிறானாம், அதனால்தான் பூட்டாம். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். எங்க வக்கீல் உங்களோடு பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தார் என்றார். நம் வக்கீலும் எனக்கு அதையேதான் சொல்லியிருந்தார். அம்மா கையை நீட்டி, "இன்னொரு சாவி செஞ்சு கொடுங்க அண்ணே, பூட்டுற வேலையையும் நானே பார்த்துக்கிறேன்" என்றாள். சாயங்காலத்துக்குள் சாவி வந்துவிட்டது.

நம் வக்கீலிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. அனுமதி இல்லாமல் சமாதானமாகப் போவது நல்ல பழக்கம் இல்லை என்றார். வழக்கை வாபஸ் வாங்க மனு போட்டோம். அதற்கும் ஒரு புது எண் கொடுத்து, அடுத்த விழாவுக்குப் பிறகு விசாரிப்பதாகத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆகவே, சட்டப்படி உன் அம்மா இன்னும் வீட்டுக்குள்ளேதான் அடைபட்டுக் கிடக்கிறாள். நிஜத்தில் அவள் இப்போது மருந்துக்கடை வாசலில் இருக்கிறாள், விலையைப் பற்றிக் கடைக்காரரோடு சண்டை. குரல் இங்கே வரை கேட்கிறது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுச் சொந்தக்காரரோடு மனத்தாங்கல் என்று எழுதியிருந்தாய். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார். குழந்தைக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, ஆனால் சாயங்காலம் வேண்டாம். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் இருப்பதில்லை.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும்
அப்பா