யானையோடு வாயிலில் நிற்கும் பேரமைச்சர் விடுக்கும் ஓலை

திருவும் திறலும் செழிக்க! மாரி பொய்யாதிருக்க, மதில் சரியாதிருக்க, காவலர் கண்ணயராதிருக்க! வேங்கைநாட்டு மாமன்னர், பகைவர் முடிமேல் பதம் வைத்த பெருமான், அடலேறு மாறவேள் அவர்களின் திருவடி நிழலில் வாழும் பேரமைச்சன் நெல்வாய் விழுப்பரையன், அதே நிழலில் மேலைவாயிலைக் காக்கும் தலைவர், வீரர்க்கு வீரர், ஐயத்திற்கு இருப்பிடமான இளங்காரி மழவரையர்க்கு விடுக்கும் ஓலை. நும் நலமும், நும் படையின் நலமும், நும் கதவின் நலமும் அறிய அவா. கதவின் நலத்தை மட்டும் யாம் நேரிலேயே கண்டுகொண்டிருக்கிறோம். ஏனெனில் இவ்வோலை எழுதப்படும் இடம் அக்கதவுக்கு வெளியே உள்ள புளியமரத்தடி. மதில்மேல் நின்று நீர் வெற்றிலை மெல்லுவது இங்கிருந்து நன்றாகவே தெரிகிறது.

நீர் கயிற்றில் கட்டி இறக்கிய கூடையிலே இவ்வோலை மேலேறி வரும். இதற்கு முன் எழுதிய ஓலையை யானை தின்றுவிட்டது. இதிலும் இடப்பக்கத்து மூலை காணாதிருப்பின், காரணத்தை நீரே ஊகிப்பீர்.

யாம் யார் என்பதில் நுமக்கு ஐயம் இருப்பதாக அறிவித்தீராகையால், நிகழ்ந்தவற்றை முறைப்பட உரைக்கிறோம். முரசறைந்து அறிவிக்கப்படாத ஆணை செல்லாது என்பது நம் முன்னோர் வகுத்த சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால் கோட்டைக் கதவைத் திறக்கும் குறிச்சொல்லும் அரசாணையே ஆதலின், அதையும் நாடோறும் சந்தையிலே முரசறைந்து, "இது பரம இரகசியம், ஒருவரும் வெளியில் சொல்லலாகாது" என்று முடித்துவந்தோம். அடடா, இப்படியொரு மதி வேறெந்த நாட்டாருக்கேனும் வாய்க்குமா! உப்பு வாங்கச் சந்தைக்கு வந்த பூழிமலைக்காரன் ஒருவன் அதைக் கேட்டான். வாயிலுக்கு வந்து சொன்னான். தன்னைப் புதிய பாகன் என்றான். நும் காவலர் அவனை உள்ளே விட்டதோடு நில்லாமல், பட்டத்து யானை மலையிடறியை அவன் ஓட்டிச் சென்றபோது, வழியில் அது தின்னக் கரும்புக்கட்டும் கொடுத்தனுப்பினர்.

மன்னர் பெருமான் சினந்தார். முடிசூட்டு நாள் உலாவிலே அவர் திருவடி மண்ணில் படலாகாது என்பது மரபு. "உலாவுக்குள் யானை வரவேண்டும், வராவிடில் உமது முதுகு வரவேண்டும்" என்று எம்மை நோக்கி அருளினார். நாடு செழிப்பதற்கேற்ப மன்னரின் திருமேனியும் ஆண்டுதோறும் செழித்துவருவதை நீர் அறிவீர். எம் முதுகோ, மழைக்காலம் வந்தால் எம்மையே சுமக்க மாட்டேனென்று முரண்டு பிடிப்பது. அவ்வுலா இன்று மாலை.

யானையை மீட்கப் புறப்படுமுன், காவலர் அனைவரையும் முற்றத்தில் இருத்திக் காவற்கலையின் அரிச்சுவடியை யாமே பயிற்றினோம். முத்திரையை மெழுகிலே படியெடுத்து எவனும் வார்ப்பான், ஆகையால் முத்திரையை நம்பாதீர் என்றோம். பரிசோடு வருபவனைப் பரிசுக்காகவே ஐயுறுக, அவசரம் என்பவனிடம் ஆற அமரப் பேசுக என்றோம். மடைப்பள்ளியாளுக்கு மடைப்பள்ளிச் சாவி போதும், ஆயுதசாலைச் சாவி எதற்கு என்று கேட்டு, அதைப் பிடுங்கினோம். அவர் அச்சாவியால் தேங்காய் உடைத்துவந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவின்மேல் யாரோ கரியால் எழுதிவைத்திருந்த குறிச்சொல்லை எம் மேலாடையாலேயே அழித்தோம். இனிக் குறிச்சொல் நாடோறும் மாறவேண்டும், காவற்றலைவர் ஒருவரே அறிதல் வேண்டும், யாமே வந்து கேட்பினும் உரைத்தலாகாது என்று ஆணையிட்டோம். முன்வரிசையில் நீர் கொட்டாவி விட்டதைக் கண்டு, இவர் தலையில் ஏறவில்லையே என்று வருந்தினோம். ஏறியிருக்கிறது, மழவரையரே, ஏறியது இறங்க மறுக்கிறது.

பூழிமலைக்குத் தனியே சென்றோம். அந்நாட்டுக் குறுநில மன்னர் வல்லங்கோ தம் பெயர்மீது தீராக் காதல் உடையவர். அவர் கோட்டைக்குக் குறிச்சொல் வேறெதுவாக இருக்கும்? "வல்லங்கோ" என்றோம், கதவு அசையவில்லை. "வல்லங்கோ வாழ்க" என்றோம். திறந்துவிட்டனர், வணக்கமும் செய்தனர். மலையிடறியின்மேல் ஏறி வந்துவிட்டோம். அவர்தம் ஆட்கள் பின்தொடர்கின்றனர். சாலையிலே எழும் புழுதியை, மதில்மேல் நிற்கும் நீர் எம்மினும் நன்றாகக் காண்பீர்.

வந்து கதவைத் தட்டினால், நீர் செய்தது என்ன? குறிச்சொல் கேட்டீர், எம் ஆணைப்படியே அது எமக்குத் தெரியாது. முத்திரை மோதிரத்தைக் காட்டினோம். "மோதிரம் எவன் வேணும்னாலும் போட்டுக்கலாம், ஐயா" என்றீர். முகத்தைக் காட்டினோம். "எங்க அமைச்சர் மூஞ்சியில இம்புட்டுப் புழுதி இருக்காது" என்றீர். யானையைக் காட்டினோம். "பரிசோட வர்றவனை நம்பாதேன்னு அமைச்சரே சொல்லியிருக்கார்" என்றீர். அவசரம் என்று கதறினோம். உடனே நீர் சம்மணமிட்டு அமர்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தீர். வரம் கொடுத்தவன் தலையிலேயே கைவைத்த கதை இதுதான். சினம் தாளாமல் எம் தலைப்பாகையை யாமே மிதித்தோம். ஆயினும், மழவரையரே, மிதித்துக்கொண்டிருக்கையிலேயே நெஞ்சம் பூரித்தது. எம் மாணாக்கர் தேறிவிட்டனரே என்று கண்ணும் கலங்கியது.

ஆதலின், யானை வெளியிலேயே நிற்கட்டும், எம்மைக் கைகால் கட்டி இக்கூடையிலேயே மேலே இழுத்துக்கொள்க, மாலையில் மன்னரை யாமே சுமப்போம், கல்வி வாழ்க என்று இவ்வோலையை முடிக்க எழுத்தாணியை ஊன்றினோம். ஊன்றிய அக்கணமே, கோட்டைக்குள் சந்தைப் பக்கமிருந்து முரசு முழங்குகிறது. முரசறைவோன் இடிக்குரலனின் குரல் மதிலைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, சாலை வரைக்கும் கேட்கிறது. "இன்னைக்குக் குறிச்சொல்லு, உறியிலே ஒன்பது ஓணான்! பரம இரகசியம்! வெளியே சொன்னா கசையடி!"

மழவரையரே! முரசறையாத குறிச்சொல் செல்லாதென்று நீரே அதை அவனிடம் சொல்லி அனுப்பினீரோ? சொல் அருமையான சொல். பகைவர் கூடி ஆயிரம் ஆண்டு அமர்ந்து யோசித்தாலும் ஊகிக்க இயலாத சொல். ஐயோ, ஊகிக்க வேண்டியதே இல்லையே! பின்னால் வரும் பூழிமலையார் ஒருவரும் செவிடர் அல்லர்.

ஆகவே இது ஆணை. உறியிலே ஒன்பது ஓணான். கதவைத் திறக்க. யானையின் வால் உள்ளே நுழைந்த மாத்திரத்தில் மூடுக. அவ்வோணான்களை அக்கணமே கைவிட்டு வேறு சொல் கொள்க. அதை நும் மனைவியார்க்கும் உரையற்க. இடிக்குரலனின் முரசுக்கோலை வாங்கி மலையிடறிக்குத் தின்னக் கொடுக்க.

மேலைவாயிற் புளியமரத்தடியில், எம் கைப்பட, யானையின் மூச்சு பிடரியில் பட எழுதியது. முத்திரை இடவில்லை, இட்டாலும் நீர் நம்பமாட்டீர். இவ்வாணையை முரசறையற்க. முரசறையாத ஆணை செல்லாது என்று எவரேனும் சட்டம் பேசினால், இன்று மாலை மன்னரைச் சுமக்க அவரையே அனுப்புக.