நாற்காலியில் வைத்த குடம்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரிகள் சரிந்து ஓடுகின்றன. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. எண்பதைத் தாண்டி எழுத்துப் படிக்க உட்கார்ந்தவன் கை இது. கிடங்கில் காலமெல்லாம் தோல் சீவிய கைக்குப் பேனா இன்னும் பிடிபடவில்லை. ஆனால் உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன், இப்போது நான் வாசிக்கிறேன். போன வாரம் தாராவிக்குப் போனபோது ஒரு கடை வாசலில் நின்று, ‘இட்லி மாவு கிடைக்கும்’ என்று சத்தமாக வாசித்தேன். கடைக்காரர் மாவை எடுத்து நீட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்று கோபர்கைரனேயில் நம் சின்னவன் வீட்டில் இருக்கிறேன். கொள்ளுப்பேத்தி மடியில் போனை வைத்துக்கொண்டு பொம்மைப் படம் பார்க்கிறாள். ஒரு முயல், தன்னை விரட்டியவன் தலையில் சட்டியைக் கவிழ்த்தது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அது அடங்கும்போது உன் சிரிப்பு காதில் கேட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். அறுபதுகளின் தொடக்கம். நீ ஆறு மாதம் சுமந்துகொண்டிருந்தாய். தாராவியில் நம் சந்துக்கு ஒரே குழாய், அதில் விடியற்காலையில் மட்டும் தண்ணீர். குழாய் மேடையில் ஓர் இரும்பு நாற்காலி போட்டு அந்தத் தாதா உட்கார்ந்திருப்பான். யார் முதலில் பிடிப்பது, யார் கடைசி என்பதெல்லாம் அவன் வைத்த சட்டம். வரிசையில் ஆள் இல்லாவிட்டாலும் குடம் இருந்தால் அது ஆளுக்குச் சமம். பிறத்தியார் குடத்தைத் தொட்டு நகர்த்தினால் கை இருக்காது என்று அவனே சொல்லி வைத்திருந்தான். அவனுக்கு வேண்டிய ஒருத்தியை முன்னால் விடுவதற்காக அன்று வரிசையைப் பிடித்துத் தள்ளினான். நீ பாசி பிடித்த கல்லில் குடத்தோடு விழுந்தாய்.

பிள்ளை தங்கவில்லை. நான்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது நீ ஒன்றே ஒன்று கேட்டாய். “ஆம்பளையா, பொம்பளையா?” “பொம்பளப் புள்ள” என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

சமைத்தாய், துவைத்தாய், தண்ணீருக்கும் போனாய். அதே குழாய், அதே கல், அதே ஆள் நாற்காலியில். பேச்சு மட்டும் இல்லை. ஊருக்கு அனுப்பி வை, இல்லாவிட்டால் இவளை இழந்துவிடுவாய் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. தோல் கிடங்கிலிருந்து வரும்போது சீவுகிற கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வர ஆரம்பித்தேன். உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் கணபதி விழாவுக்குச் சந்தின் குறுக்கே வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினார்கள். திரைக்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். இரண்டு பக்கமும் படம் தெரியும். பக்கத்து வீட்டு ஆவுடை அக்கா உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு பொம்மைப் படம் ஓடியது. பேச்சே கிடையாது, அதனால் நம் எல்லோருக்கும் புரிந்தது. ஓர் அணில் குடியிருந்த மரத்தை ஒரு தடியன் வெட்டி, அதில் நாற்காலி செய்து சாய்ந்துகொள்கிறான். அணில் அவனை உட்கார விடவில்லை. அவன் குனியும்போது நாற்காலியை இழுத்தது. நாற்காலிக் காலை அறுத்து வைத்தது. பசை தடவி வைத்தது. ஒவ்வொரு தடவையும் அவன் தட்டையாக நசுங்கி, பிறகு உப்பி எழுந்து, மறுபடியும் உட்காரப் போனான்.

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. முதலில் சின்னதாக, பிறகு அடக்க முடியாமல். அத்தனை பெண்கள் சிரிப்பிலும் எனக்கு அது தனியாகத் தெரிந்தது. எழுந்து ஓடி வந்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பெண்கள் பக்கம் எப்படிப் போவது? வேட்டித் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, எனக்குக் கண்ணில் நீர்.

அந்த அணில் வலப்பக்கமாக ஓடியது என்று நானும், இல்லை இடப்பக்கம் என்று நீயும் பின்னால் எத்தனை காலம் சண்டை போட்டோம்! பார்த்த பக்கம் வேறு என்பது இரண்டு பேருக்கும் உறைக்க நம் பெரியவன் பிறந்து வளர வேண்டியிருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீயாகவே பேசினாய்.

“இங்காருங்க, அந்த அணில் அவன ஒண்ணும் கடிக்கல, பாத்தீங்களா?”

எனக்கு நடை நின்றுவிட்டது. “ஆமாட்டி” என்றேன்.

“உக்கார மட்டும் விடல.” கொஞ்ச தூரம் போனபின், “இடுப்புல இருக்கத நாளைக்கு வீட்டுல வச்சிட்டு வாங்க” என்றாய்.

ஆனால் நான் மறுநாள் அதை வைத்துவிட்டு வரவில்லை. கத்தியோடுதான் சந்து முனையில் நின்றேன். தாதா முகம் கழுவ எழுந்தான். நீ வரிசையிலிருந்து அமைதியாகப் போய், உன் குடத்தை அவன் நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாய். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான்.

“ஏய், எவ கொடம் இது?”

வரிசையை முறைத்துப் பார்த்தான்.

“எடுங்கட்டி அத!”

ஆவுடை அக்கா முன்னால் வந்தாள். “நாங்க எப்பிடித் தொட? பெறத்தியா கொடத்தத் தொட்டா கை இருக்காதுன்னு நீருதான தாதா சொன்னீரு? அது பாவம், வரிசையில நிக்கு.”

“வரிசையா? இது என் நாற்காலிட்டி!”

“அப்ப உம்ம நாற்காலிக்கும் தண்ணி வேணும்போல.”

முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு வரிசை முழுதும் சிரித்தது. எதிர் வரிசை வீட்டு வாசல்களில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆண்களும் சிரித்தார்கள். அவன் குடத்தை உதைக்கக் காலை ஓங்கினான். ஊன்றிய கால் வழுக்கி, பொத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தான். நீ விழுந்த அதே கல். சந்தே குலுங்கிச் சிரித்தது. அவன் வேட்டியைப் பிழிந்துகொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் போனான். மறுநாள் வந்தபோது நாற்காலியில் ஆவுடை அக்கா குடம் இருந்தது. அடுத்த நாள் இன்னொருத்தியுடையது. பார்க்கிறவர்களெல்லாம் சிரிக்கிற ஆள் எப்படித் தாதாவாக இருப்பான்? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டான்.

ஆனால் அந்த முதல் நாள் நீ மட்டும் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடத்தை நிரப்பி வீட்டுக்கு வந்து இறக்கி வைத்தாய். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாய். பிள்ளை போனபோதுகூட நீ அப்படி அழவில்லை.

“அந்தத் தடியன் விழுந்து விழுந்து எந்திரிச்சான். இவனும் எந்திரிச்சிட்டான். பின்னால தட்டிவிட்டுட்டு நடந்து போறான். எம்புள்ளதான் எந்திரிக்கல.”

நான் இடுப்பிலிருந்ததை எடுத்துப் பரண்மேல் போட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் நீ அவளுக்காக நினைத்து வைத்திருந்த பெயரைச் சொன்னாய். இரண்டு வீட்டிலும் யாருக்கும் இல்லாத பெயர். ஒரே ஒரு தடவை சொன்னாய். வசந்தா.

அதற்குப் பிறகு இரண்டு பையன்கள், வீடு, பேரப்பிள்ளைகள். நன்றாகத்தான் சிரித்தோம். ஆனால் அந்தப் பெயரை நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. போன மழைக்காலத்தில் நீ போனபின், அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. நானும் போய்விட்டால் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்றாகிவிடும். அந்தப் பயத்தில்தான், அதை யாரிடமும் சொல்லத் துணியாமல்தான், எழுதியாவது வைக்கலாமென்று ஞாயிற்றுக்கிழமை முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு, ஆளுக்கொரு பெயர் எழுதச் சொன்னார் டீச்சர். எல்லோரும் தங்கள் பெயரை எழுதினார்கள். நான் அவள் பெயரை எழுதினேன். டீச்சர் குனிந்து பார்த்து, “நல்லா வந்திருக்கே! யாரு தாத்தா இது?” என்று கேட்டார்.

பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்.

“எம்மூத்த மக.”

கை வலிக்கிறது. அடுத்த வாரம் அவளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இருக்கட்டும், நானும் மெதுவாகத்தானே எழுதுகிறேன்.