லிஃப்ட் கணக்கு

குட்டியின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எனக்கு நலமில்லை, நேற்றிலிருந்து குமட்டிக்கொண்டே இருக்கிறது. போனில் சொல்லலாமென்றால் இருக்கிற ஒரே அறையில் குட்டியும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் தைக்க வந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று குட்டியின் விளையாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன். ஷூவுக்கு அடியில் நாலு பாலித்தீன் பைகள். நான் கட்டிக்கொடுத்த நாலு நாள் சோறும் முட்டையும் அப்படியே இருந்தன. பச்சையாகப் பூசணம் பூத்து, நூல் விட்டு, புழு நெளிகிறது. சீ! மூன்று முறை சோப்புப் போட்டும் கையை விட்டு அந்த நாற்றம் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டிலும் அதே நாற்றம்.

மாலையில் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல், "அப்பாதாம்மா சொன்னாரு, லோடு கொறஞ்சா லிஃப்ட் சல்லுனு மேல போகும், மனுஷனும் அப்படித்தான்னு" என்கிறாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற உங்கள் புத்தி லிஃப்ட்டை விட்டு வெளியே வரவே வராதா? கூடைப்பந்து வளையத்தைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்டு உங்களிடம் வழி கேட்டவள், நீங்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள். காலையில் கறுப்புக் காப்பி, மதியம் ஒரு வெள்ளரிக்காய். வெயிட் தூக்கிவிட்டு வந்தால் வெறும் தண்ணீர்; கேட்டால் அங்கேயே சாப்பிட்டாச்சு என்று என்னை ஏமாற்றியிருக்கிறாள்.

என்மீதும் எனக்கு அருவருப்புதான். நாலு மாதத்தில் அவள் ஷார்ட்ஸ் இடுப்பை மூன்று முறை பிடித்துத் தைத்தேன். பிள்ளை நன்றாக ஓடுகிறாள் என்று பெருமை வேறு. கையில் டேப்பை வைத்துக்கொண்டே குருடியாக இருந்திருக்கிறேன்.

இன்று கோச்சைப் போய்ப் பார்த்தேன். மைதானச் சுவரில் ஒவ்வொரு பெண்ணும் குதித்துத் தொட்ட உயரத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறார். மற்ற பிள்ளைகளின் கோடெல்லாம் ஏறியிருக்க, குட்டியுடையது நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. "பட்டினி கெடந்தா தசையும் சேர்ந்து கரையும்க்கா. தரைய ஒதைக்கத் தெம்பு இருந்தாத்தான் ஒடம்பு மேல போகும்" என்றார் கோச். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் சோறு, பசித்தால் இடையில் ஒரு வாழைப்பழம், வெயிட் தூக்கி முடித்ததும் பாலும் முட்டையும், ராத்திரி வயிறாரச் சாப்பாடு. இதற்கு மேல் மாயமந்திரம் ஒன்றுமில்லையாம். உடம்பு தேறும்வரை வெயிட்டைத் தொட விடமாட்டேன், அடுத்த மாத அணித் தேர்வுக்கும் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தேர்வு போனால் போகட்டும். மூன்று மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. கோச் சொல்லி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சாப்பாடு பற்றாததுதான் காரணம், இப்படியே விட்டால் பதினாறு வயதிலேயே எலும்பு பலமிழக்கும் என்றார். வீட்டில் இல்லையா, கொடுக்கவில்லையா என்று என்னைக் கேட்டார். நான் கூனிக்குறுகிப் போனேன்.

கெஞ்சினேன், திட்டினேன், ஊட்டியும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். உனக்கு என்னம்மா தெரியும், அப்பா சொல்லட்டும் என்கிறாள். ஊட்டிய ஒரு வாயையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நான் திரும்பியதும் துப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சுற்றி வளைக்காதீர்கள். கோச் சொன்னார், டாக்டர் சொன்னார் என்று அடுத்தவர் தலையில் போடாதீர்கள். நான் சொன்னது தப்பு, சாப்பிடு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் தப்பு என்கிற வார்த்தையை உங்களிடமிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அப்படியே கிடக்கட்டும், நான் கேட்கமாட்டேன். அவளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவள் முதல் வாயை விழுங்கும்வரை போனை வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா