பருத்தியில் சுற்றிய தொலைநோக்கி

என் அம்மிணி சரசுவுக்கு,

முதலில், உன் தொலைநோக்கி நலம். என் சர்க்கரை அளவையும் உன் வீட்டுக்காரர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதையும் நீ பிறகுதான் கேட்பாய் என்று தெரியும், அதனால் வரிசையை மாற்றிவிட்டேன். கண்ணாடி பிழைத்துக்கொண்டது. அது பிழைத்த கதையை ஊருக்குள் நான் ஒரு மாதிரியும் உன் மகள் ஹேமா ஒரு மாதிரியும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உனக்கு மட்டும் நடந்ததை எழுதுகிறேன். அங்கங்கே கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் நீயே கழித்துக்கொள். இருந்த காலத்திலும் அண்ணன் சொன்னதில் பாதியைக் கழித்துத்தானே கேட்டாய்.

ஹேமாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனி. மார்கழி முடிவதற்குள் வந்து சேரச் சொன்னார்கள். நேர்காணலில் தாய்மாமன் யார் என்று கேட்டிருப்பார்கள், அதிலேயே முடிந்திருக்கும் என்று நான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது என் வீட்டுக்கு வந்தாள். துணிமணி வாங்க வண்டியில் கூட்டிப்போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"போறதுக்குள்ள அம்மா டெலஸ்கோப்புல சனியப் பாத்துட்டுப் போகணுங்க மாமா. அம்மாவும் நானும் சேந்து பாக்கறதா இருந்தோம்."

அது எனக்கும் தெரியும். அதை நீ வாங்கியபோது, இந்த வயதில் இது எதற்கு அம்மிணி என்று கேட்டவன் நான்தானே. பனியன் கம்பெனியில் துணி செக்கிங் மேசைக்கு முன்னால் நின்று நின்று உன் கால் வீங்கியிருந்தது. காலுக்கு ஏதாவது வாங்கியிருக்கலாம் என்றேன். அதற்கு நீ சொன்னதை நான் இன்னும் பல பேரிடம் என் சொந்த வசனமாகச் சொல்லி வருகிறேன்: "பகலெல்லாம் ஒரு சாண் தூரத்துல ஓட்டை தேடற கண்ணு, பொழுதுபோனாலாச்சும் தூரமா எதையாவது பாக்கட்டுங்கண்ணா."

தொலைநோக்கியின் மூன்று கால்களையும் மாட்டினாய், குழாயை ஏற்றினாய், ஐப்பசி மேகம் வந்து மூடிக்கொண்டது. மேகம் கலைவதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். அதற்கு மேல் எழுத வேண்டாம். அது உனக்கே தெரியும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர், என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். தார்ப்பாய்க்கு அடியில் அது நின்றுகொண்டிருந்தது. "மச்சான், இத நீங்களே கொண்டுபோய் வெச்சுக்குங்க. துணி காயப் போட வந்தாக்கூட இது கண்ணுல படுது," என்றார். நான் கொண்டுபோனேன். எப்படிக் கொண்டுபோனேன் என்கிறாய்? ராஜ மரியாதையோடு. பச்சைக் குழந்தைக்குச் சட்டை தைக்கிற ஏற்றுமதித் துணி, சுத்தமான பருத்தி, கன்னத்தில் வைத்தால் தூக்கம் வரும். அதில் மூன்று சுற்றுச் சுற்றினேன். அதற்கு மேல் பாலிதீன். அதற்கு மேல், கப்பலில் போகிற அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிறமாதிரி டேப். ஈரத்தை இழுக்க பேக்கிங் பிரிவிலிருந்து சிலிக்கா பாக்கெட்டுகளையும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். இந்த அளவுக்கு பந்தோபஸ்தாக எந்த நாட்டு விஞ்ஞானியும் தன் தொலைநோக்கியை வைத்திருக்கமாட்டான் என்று அன்று நினைத்தேன்.

ஹேமா கேட்டதும் அதை உன் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். அவள் அந்த டேப்பைக் கத்தரித்தபோது, மழையில் நனைந்த மெத்தை வாடை வந்தது. துணி ஜில்லென்று இருந்தது. குழாயின் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் இருக்கிற பெரிய கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரம் படிந்து, அதன்மேல் பருத்திப் பஞ்சு ஒட்டி, அப்படியே காய்ந்து கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பருத்தி தண்ணீர் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? மழை நாளில் எடை போட்டால் அதே ரோல் கூடுதலாகக் காட்டும் என்று எடை மிஷின் பக்கத்தில் நின்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மாடியில் பனி குடித்த குழாயை அப்படியே எடுத்து, தண்ணீர் குடிக்கிற துணியில் சுற்றி, மூச்சு விட முடியாதபடி பாலிதீனில் அடைத்திருக்கிறேன். சிலிக்கா பாக்கெட்டுகளும் பேக்கிங் மேசையில் நெடுநாள் திறந்து கிடந்தவை. வரும்போதே வயிறு நிறைய ஈரத்தோடுதான் வந்திருக்கின்றன. உள்ளே இருந்த மணிகள் நீலமாக இருக்க வேண்டும், ரோஸ் நிறத்தில் இருந்தன. ஹேமா துணியை மடித்து ஓரமாக வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சும்மா இருப்பவனா? நேராக என் பிரின்டிங் பட்டறைக்குப் போய் ஸ்ப்ரே கன்னை எடுத்து வந்தேன். உனக்குத் தெரியாததா, துணியில் எண்ணெய்க் கறை விழுந்தால் நீயே எத்தனை தடவை அதைக் கையில் எடுத்திருப்பாய். ஒரு அடி, கறை காணாமல் போகும். குழாயின் வாயில் அதன் மூக்கை நுழைத்துக் குறி பார்த்துவிட்டேன்.

"மாமா, கன்னக் கீழ வைங்க."

"கண்ணு, இதுல போகாத கறைன்னு ஒண்ணு இன்னும் பொறக்கலை."

"அது துணிங்க மாமா. இது கண்ணாடி மேல பூசின அலுமினியப் பூச்சு. ஒரு அடி அடிச்சீங்கன்னா அம்மா கண்ணாடி போயிரும்."

அம்மா கண்ணாடி என்றாள். விரல் விசைமேலேயே இருந்தது, அதை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இரண்டு பேரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டோம். அந்தக் கண்ணாடி போனால் வேறு வாங்கலாம். ஆனால் நீ தொட்டு மாட்டியது போய்விடும், அவளும் ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கும்தான். அவர் திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

வைத்தியம் சாதாரணமானது. துடைக்கக் கூடாது, அவ்வளவுதான். துடைத்தால் பஞ்சோடு சேர்ந்திருக்கிற மண் பூச்சைக் கீறிவிடும். பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியைத் தனியே எடுத்தோம். நம் ஊர் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புக் கோடு போடும். அதனால் இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்தேன். தொலைநோக்கிக்கு என்றதும் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். எழுந்தது மேல் அலமாரியிலிருந்து கேனை எடுக்க என்று ஹேமா சொல்கிறாள், அவள் அப்போது வண்டியில் இருந்தாள், அவளுக்கு எப்படித் தெரியும்?

அகலமான பிளாஸ்டிக் பேசினில் கண்ணாடியை வைத்து, பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு சொட்டுக் கலந்து ஊற வைத்தாள். விரல் படாமல் தண்ணீரை மேலிருந்து ஊற்றி ஊற்றி வடித்தாள். பஞ்சு மிதந்து போனது. பிறகு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, தெருவில் பறக்கிற பஞ்சு வராமல் ஜன்னலைச் சாத்தி, அதுவாகக் காய விட்டாள். துண்டை எடுத்துக்கொண்டு போன என்னை அறைக்குள் விடவில்லை. காய்ந்து வந்தபோது என் முகம் அதில் சினிமாக்காரன் முகம்போலத் தெரிந்தது. ஓரத்தில் மட்டும் அரிசி முனை அளவுக்கு ஒரு புள்ளி இருக்கிறது. அது போகாது. அதனால் ஒன்றும் கெட்டுவிடாது என்று ஹேமா சொன்னாள். நீ இருந்தால், துணியில் குறை கண்ட இடத்தில் ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கரை அதற்கும் ஒட்டியிருப்பாய்.

கழற்றியதை மாட்டினால் மட்டும் போதாது, அடியில் இருக்கிற பெரிய கண்ணாடியையும் மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியையும் நேராக்க வேண்டும். இங்கேதான் உன் அண்ணனின் காலம் வந்தது. எட்டாம் வகுப்பை முழுசாக முடிக்காதவன் என்றாலும், பனியன் துணியில் படம் அச்சடிக்கிற பிரின்டிங் டேபிளில் கலர் மேட்சிங் செய்ய என்னை விட்டால் இந்தத் தாராபுரம் ரோட்டில் ஆள் கிடையாது. நாலு கலர் என்றால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடிக்க நாலு அச்சுச் சட்டம். ஒன்று நூலளவு நகர்ந்தாலும் கரடி பொம்மையின் கண் கன்னத்தில் விழும். துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் என் மேட்சிங்கைப் பார்த்துத் தொப்பியையே கழற்றினார். தொப்பி போட்டிருந்தாரா என்று கேட்பாய். கழற்றினார், அதுதான் ஞாபகம்.

கண் வைக்கிற வில்லையைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம் தெரியும். எல்லாம் ஒரே நடுப்புள்ளியில் உட்கார வேண்டும். பின்திருகைக் கால் சுற்றுத் திருப்புவது, பார்ப்பது, மறுபடி திருப்புவது. அச்சுச் சட்டம் நகராமல் உட்கார ஆணி அடிக்கிற அதே வேலை. ஹேமா திருப்பினாள், நான் கண் வைத்துக்கொண்டு இடது, வலது என்று சொன்னேன். உட்கார்ந்தது.

அடுத்தது, குழாயின் தோளில் இருக்கிற சின்னக் குழாய். அதில் கூட்டல் குறி தெரியும். வானத்தில் ஒன்றைத் தேடிப் பிடிக்க அதுதான் வழி. இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் ராத்திரியில் வெறும் இருட்டைத்தான் பார்க்க முடியும். அதனால் பகலிலேயே தூரத்துப் பொருள் ஒன்றை வைத்து நேராக்க வேண்டும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் பொசுங்கிவிடும். மாடியிலிருந்து பார்த்தால் குண்டடம் பக்கத்துக் காற்றாலைகள் தெரியுமல்லவா, அதில் ஒன்றின் இறக்கை நுனியைத் தேர்ந்தெடுத்தேன். கூர்மையான புள்ளி, மேட்சிங்குக்கு அதுதான் சரி. கூட்டல் குறியை அதில் வைத்துவிட்டுப் பெரிய குழாயில் பார்த்தால் நுனி இல்லை. மறுபடி வைத்தால் மறுபடி இல்லை.

"அது சுத்துதுங்க மாமா," என்றாள் ஹேமா.

அன்று காற்று மெதுவாக இருந்தது, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. பிறகு இறக்கைகள் சேருகிற நடுக்குமிழைப் பிடித்தோம். அதிலும் ஒரு தப்பு. கூட்டல் குறி சின்னக் குழாயில் இருப்பதால் அதுதான் மற்றதையெல்லாம் பொருத்துகிற முதல் அச்சுச் சட்டம் என்று நினைத்துப் பெரியதை அசைத்துக்கொண்டிருந்தேன். பெரியதில் பொருளை நடுவில் நிறுத்திவிட்டு, அதை அசைக்காமல், சின்னதன் திருகுகளைத்தான் திருப்ப வேண்டும். பெரியதுதான் முதல் சட்டம். அது புரிந்ததும் வேலை சீக்கிரம் முடிந்தது. காற்றாலை தலைகீழாகத்தான் தெரிந்தது, வானத்திலிருந்து தொங்குகிற மாதிரி. ஹேமா கொஞ்சம் திகைத்தாள். அச்சுப் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பார்த்தே பிழைத்தவனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?

வெள்ளிக்கிழமை மேகம். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வானம் தெளிந்தது. அவள் பெட்டி கட்டியாகிவிட்டது, மறுநாள் பஸ். குழாயை முன்னமே வெளியே வைத்துக் குளிரவிட்டோம். பனி இறங்கும் என்பதால் கருப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி வாய்க்கு முன்னால் ஒரு சட்டை மாட்டிவிட்டேன். அது என் தையல். பருத்தி இல்லை.

தென்மேற்கில் நல்ல உயரத்தில் சனி மினுக்காமல் நின்றது. கூட்டல் குறியை அதில் வைத்தோம். முதலில் ஹேமா பார்த்தாள். வளையல் மாதிரி வளையம் தெரியும் என்று நான் வாரம் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

"வளையத்தக் காணோமுங்க மாமா. கோடுதான் இருக்குது."

நான் குனிந்து பார்த்தேன். சின்ன மஞ்சள் உருண்டை. அதன் இரண்டு பக்கமும் முடிபோல ஒரு கோடு நீட்டிக்கொண்டிருந்தது. கழுவியபோது கண்ணாடி கீறிவிட்டதா? நான் திருகியது தப்பா? ஹேமா வில்லையை மட்டும் மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். கோடு சுழலவில்லை. தொலைநோக்கியின் கைப்பிடியை அசைத்தாள். உருண்டையோடு சேர்ந்தே கோடும் நகர்ந்தது. கோளாறு நம் பக்கம் இல்லை. இந்த வருஷம் அந்த வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறதாம், தட்டை விளிம்பிலிருந்து பார்க்கிற மாதிரி. எங்கேயோ படித்ததை அப்போதுதான் அவள் நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

பிறகு மறுபடி கண் வைத்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"நீடில் லைனுங்க மாமா. அம்மா கண்ணுல பட்டிருந்தா, சனியவே ரிஜெக்ட்டுன்னு ஓரமா எடுத்து வெச்சிருப்பாங்க."

நிட்டிங் மிஷினில் ஒரு ஊசி கெட்டால் துணி நெடுக ஓடுமே, அந்தக் கோடேதான் அம்மிணி. நானும் சிரித்தேன். நீ போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை மேலே வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுக்குத்தானா அவ்வளவு ஆசைப்பட்டா," என்றார். சலிப்பாகச் சொன்னாரா, என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணை எடுக்காமலே சொன்னார்.

அவர் விலகியதும் ஹேமா சனியை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்து என் முறை என்று குனிந்தேன். தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"அம்மா பாக்கட்டுங்க மாமா."

மூன்று பேரும் கைப்பிடிச் சுவர் பக்கம் ஒதுங்கி நின்றோம். குழாய் தனியாக நின்றது. பூமி சுற்றுவதால் சனி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வில்லையை விட்டு வெளியே போய்விடும், அதைப் பிடித்து வைக்க நம்முடையதில் மோட்டார் இல்லை. எவ்வளவு நேரம் உள்ளே இருந்திருக்கும்? குழாயின்மேல் பனி முத்து முத்தாகப் படிய ஆரம்பித்தது. மூடியைப் போடு என்று என் கை துடித்தது. போடவில்லை.

நீ பார்த்தாயா அம்மிணி? கோடு தெரிந்ததா?

ஹேமா போய்ச் சேர்ந்துவிட்டாள். தொலைநோக்கி இப்போது உன் வீட்டிலேயே இருக்கிறது. மாப்பிள்ளைதான் வைக்கச் சொன்னார். சிலிக்கா மணிகளைப் பழைய வாணலியில் சிறு தீயில் நீலமாகும் வரை வறுத்து, நைலான் வலையில் கட்டி ஹேமா பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் உனக்குச் சத்தியம் செய்கிறேன். ஈரத்தோடு மூடி போடமாட்டேன். உள்ளே கொண்டுவந்து, வாயைக் கீழ்ப்பக்கம் சாய்த்து, காய்ந்த பிறகுதான் மூடுவேன். பருத்தியைப் பக்கத்திலேயே விடமாட்டேன். வளையம் வருஷா வருஷம் கொஞ்சமாகத் திரும்பி விரியுமாம். வானம் தெளிகிற நாளெல்லாம் சனியை நடுவில் நிறுத்திவிட்டு, அது தானாக வெளியே போகிறவரைக்கும் ஒதுங்கி நிற்பேன். முதலில் உன் முறை, பிறகுதான் நாங்கள்.

இந்த வட்டாரத்தின் மேட்சிங் மாஸ்டரும்,
உன் கூடப் பிறந்தவனுமான
அண்ணன்