மாப்பிள்ளைப் பை

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று ஷாப்பிங் மாலுக்கு வேலைக்குப் போனேன். அக்கா போன பிறகு முதல் தடவை.

மேற்பார்வையாளர் "உடம்பு பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார். உடம்புக்கு என்ன. வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனேன். அந்த மாடியில் இருக்கும் பைக்கடையின் கண்ணாடியை எப்போதும் கடைசியாகத்தான் துடைப்பேன். அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே துடைக்கலாம் என்று. இன்று அதை முதலிலேயே துடைத்து முடித்துவிட்டேன். உள்ளே பார்க்கவில்லை.

கடைப்பெண் கதவைத் திறந்து, "அக்கா, புது மாடல் வந்திருக்கு. கையைத் துடைச்சிட்டு உள்ள வாங்க" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

என்னை அக்கா என்று கூப்பிட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி 25, புதன்

குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 27, வெள்ளி

தூக்கம் இல்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். இந்த டைரியை ஆரம்பித்து வைத்ததே அக்காதான். "நீ பேசிப் பேசி என் காது தேஞ்சு போச்சு. மிச்சத்தை எழுதித் தீரு" என்றாள். நான் ஏழாவதோடு நின்றவள். பிழை இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்.

எங்கள் அப்பா சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் அக்காவும் அவர் காலடியில் நிற்போம். உள்ளே போகிற பெண்களின் முகம் எங்களுக்கு எட்டாது. எங்கள் கண் உயரத்துக்கு வந்தது அவர்கள் கைப்பைதான். சங்கிலி போட்டது, மெத்தை மாதிரி தைத்தது, குட்டிப் பூட்டு தொங்குவது. அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு பை மூடுகிற சத்தம் கேட்கும். "இது உசத்திப் பை. சத்தத்தைப் பாரு, கதவு சாத்துற மாதிரி இருக்கு" என்பாள். கண்ணைத் திறந்து பார்த்தால் சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் அட்டையில் பை செய்வோம். பூட்டுக்குப் பதில் சட்டைப் பொத்தான்.

அந்தப் பைத்தியம் எங்களை விடவே இல்லை. கல்யாணம் ஆனது, அக்காவுக்கு மகள் பிறந்தாள், பல் விழுந்தது, பைப் பைத்தியம் மட்டும் போகவில்லை. அக்கா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். நான் இங்கே கண்ணாடி துடைக்க வந்தேன். பத்திரிகையில் பை படம் வந்தால் வெட்டி வைப்போம். நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. ஒரே ஒரு உண்மையான கம்பெனிப் பை. அதன் பெயரை அக்கா ஒரு விதமாகச் சொல்வாள், நான் ஒரு விதமாகச் சொல்வேன். கடைப்பெண் சொல்வது மூன்றாவது விதம்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து காசு சேர்த்து, பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கினோம். ஒரே பை, இரண்டு பேர். பழுப்பு நிறம், மேலே வளைவு, இரண்டு கைப்பிடி. கைப்பிடி சாயம் போடாத தோல். புதிதில் மோர் நிறத்தில் இருக்குமாம். கை படப் படத் தேன் நிறமாகி, அப்புறம் கருக்கும். எங்களிடம் வரும்போது தேன் நிறம். நாங்கள்தான் அதை நன்றாகக் கருக்க வைத்தோம்.

ஒரு மாதம் அவள், ஒரு மாதம் நான். மாதத்தின் முதல் ஞாயிறு கை மாறும். காலியாகக் கொடுக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். நான் அவளுக்கு ஹேர்பின்னோ கைக்குட்டையோ வைப்பேன். அவள் எனக்குக் காபி மிட்டாய் வைப்பாள். அவள் சர்க்கரை வியாதிக்காரி. பாதி நாள் மிட்டாய் இருக்காது, தாள் மட்டும் மடித்து இருக்கும். எங்கேடி மிட்டாய் என்றால், "வர்ற வழியில கரைஞ்சு போச்சு" என்பாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

பை வீட்டுக்கு வந்தால் தரையில் வைக்க மாட்டோம், மழையில் எடுக்க மாட்டோம், தனி நாற்காலி. வீட்டுக்காரர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "மாப்பிள்ளை வந்துட்டாரா? நான் வேணா கீழ உட்கார்ந்துக்கிறேன்" என்பார்.

அக்கா போனது பை அவள் முறையில் இருந்த மாதத்தில். பை அங்கேதான் இருக்கிறது, அவள் மகளிடம். நாளை மறுநாள் முதல் ஞாயிறு.

மார்ச் 1, ஞாயிறு

நாற்காலியைத் துடைத்து வைத்தேன். அக்கா மகள் வரவில்லை.

சாயங்காலம் நானே போன் செய்தேன். "சித்தி... அடுத்த வாரம் கொண்டு வரேனே" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஒரு சின்ன வேலை இருக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

பைக்கு என்ன வேலை?

மார்ச் 3, செவ்வாய்

அவள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாளோ? அம்மா பை, மகளுக்கு என்று நினைக்கிறாளோ? நினைத்தால் தப்பா? தப்பில்லைதான். ஆனால் அது என் அக்கா கையும் என் கையும் பிடித்த பிடி. அதைப் பிடித்தால் அக்கா கையைப் பிடித்த மாதிரி. அவ்வளவுதான் கேட்கிறேன். வேறு எதுவும் வேண்டாம். அந்த வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன்கூட நான் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் சொல்கிறார்: "அவ சின்னப் பொண்ணு. அம்மாவைப் பறிகொடுத்துட்டு நிக்குது. நீ பை பைன்னு போய் நிக்காதே."

அவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தாள்.

துணியில் சுற்றிக் கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு, பரிசு கொடுக்கிற மாதிரி. நான் துணியைப் பிரித்தேன். கைப்பிடி வெள்ளையாக இருந்தது.

வெள்ளை. மோர் மாதிரி வெள்ளை. புதுத்தோல். பை முழுக்கப் பளபளவென்று, ஒரு கீறல் இல்லை. மூலையில் நான் வாசற்படியில் இடித்த தேய்ப்பு இல்லை. உள்ளே முகர்ந்து பார்த்தேன். அக்கா போடும் பவுடர் வாசனை இல்லை, ஏதோ மருந்து வாசனை. உள்ஜிப்பைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. காலி.

"பழுது பார்க்கிற இடத்துல கொடுத்தேன் சித்தி. பிடி ரெண்டையும் மாத்திட்டாங்க. புதுசு மாதிரி இருக்குல்ல?"

"பழைய பிடி எங்கே?"

"வேணுமான்னு கேட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

என்ன சொன்னேன் என்று எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன். "உங்கம்மா கையையே வெட்டிக் குப்பையில போட்டுட்டு வந்து நிக்கிறியேடி" என்றேன். "பெத்த பொண்ணு செய்யுற வேலையா இது" என்றேன்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

நான் சொன்னது சரிதான்.

மார்ச் 13, வெள்ளி

பை அலமாரி மேலே கிடக்கிறது, துணியோடு. நாற்காலியில் வைக்க மனசு வரவில்லை.

"மாப்பிள்ளை மூட்டை கட்டிட்டாரா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நான் சிரிக்கவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்கக்காவைத் திருப்பிக் கொண்டு வர முடியாது. அந்தப் பொண்ணும் போயிட்டா உனக்கு யாரு இருக்கா, சொல்லு" என்றார்.

அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மார்ச் 19, வியாழன்

இன்று பைக்கடைக் கண்ணாடியைப் பழையபடி கடைசியில் துடைத்தேன். கடைப்பெண்ணுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஈரக் கை என்றுகூடப் பார்க்கவில்லை. அப்புறம் உள்ளே கூட்டிப்போனாள்.

நடு மேடையில் ஒரு பை. எங்கள் பையின் தங்கச்சி மாதிரி. அதே வளைவு, அதே வெள்ளைப் பிடி.

"இதோட பிடி கருக்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"அது வாங்குறவங்க கையைப் பொறுத்ததுக்கா. சில பேரு வாங்கி அலமாரியில வச்சிடுவாங்க. அது அப்படியேதான் இருக்கும், வெளுத்துப் போயி."

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. நாங்கள் வாங்கும்போது அந்தப் பிடி தேன் நிறத்தில் இருந்ததே, அது யார் கை? யாரோ ஒருத்தி. பெயர் தெரியாது, முகம் தெரியாது. செத்தாளோ இருக்கிறாளோ. அவள் கை மேல்தான் அக்கா கை வைத்தாள், அதற்கு மேல் நான். ஒரு நாளாவது அவளைப் பற்றி நினைத்தோமா? இல்லை. சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

நான் அன்றைக்குச் சொன்னது சரியில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். பையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனேன், துணி சுற்றாமல். கதவைத் திறந்தவள் முதலில் பையைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னை. "திருப்பிக் கொடுக்க வந்தீங்களா?" என்றாள். "இல்லடி. தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். உள்ளே விட்டாள்.

அக்கா கட்டில் அப்படியே இருக்கிறது. விரிப்புக்கூட மாற்றவில்லை.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. "வாய் தவறிப் போச்சு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். எனக்கு அது வரை தெரியாது. அக்கா போன அன்று நான் வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அவள் ஒருத்திதான்.

"அம்மா பையை விடவே இல்ல சித்தி. மடியில வச்சிக்கிட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டே இருந்தாங்க. வாந்தி எல்லாம் அது மேலதான். மூச்சு நின்ன பிறகும் பிடி விடல. நர்ஸ் வந்து ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தாங்க. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்."

நான் அவள் முதுகில் கை வைத்தேன்.

"உங்களுக்கு அந்தப் பிடியைப் பார்த்தா அம்மா கை தெரியும். எனக்கு அந்த விரலைப் பிரிச்சதுதான் தெரியும். அதை அப்படியே உங்க கையில எப்படிக் கொடுப்பேன்?"

கடவுளே. இந்தப் பெண்ணையா நான் அப்படிக் கேட்டேன்.

இரண்டு பேரும் அழுதோம். வாய்விட்டு, வெட்கமில்லாமல். அப்புறம் அவள் முகம் கழுவி டீ போட்டாள். நான் மெதுவாகக் கேட்டேன், பைக்குள் ஒன்றுமே இல்லையா என்று.

"இருந்ததெல்லாம் எடுத்து வச்சிருக்கேன் சித்தி. மூக்குக் கண்ணாடி, மருந்துச் சீட்டு, கைக்குட்டை. உள்ஜிப்புல மட்டும் ஒரு மிட்டாய்த் தாள் கிடந்துச்சு. குப்பைன்னு போட்டுட்டேன்."

"வெறும் தாளா? மிட்டாய் இல்லையா?"

"வெறும் தாள். மடிச்சு இருந்துச்சு. ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. டீ கொட்டிவிட்டது. தின்னுட்டா! என் முறைக்கு வாங்கி வச்சதை, டாக்டர் கூடாதுன்னு சொன்னதை, தின்னுட்டுத் தாளை மடிச்சு வச்சிட்டுப் போயிருக்கா! அக்கா மகளுக்குப் பயம் வந்துவிட்டது, சித்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. விஷயத்தைச் சொன்னேன். கரைந்து போகிற கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள். பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்து பேர் எழுதுகிற பெண் அவள். "எங்க கிளினிக்குக்கு ஒரு தடவைகூட வரமாட்டேன்னாங்க, இதுக்குத்தானா!" என்றாள்.

வரும்போது கட்டில் விரிப்பை நானும் அவளும் சேர்ந்து மாற்றினோம்.

மார்ச் 27, வெள்ளி

மாப்பிள்ளை நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். வீட்டுக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

தினமும் வேலைக்கு எடுத்துப் போகிறேன். வாளிக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்குகிறது. பிடி இன்னும் வெள்ளைதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

முதல் ஞாயிறு. அக்கா மகள் சாப்பிட வந்தாள். கிளம்பும்போது பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்கு சித்தி? உங்களோடது."

"ஒத்தைக் கையில கருக்காதுடி, நாளாகும். உங்கம்மா முறை இனிமே உன் முறை."

அவளுக்குப் பைமேல் எல்லாம் ஆசை கிடையாது. முதுகில் மாட்டுகிற துணிப்பைதான் எப்போதும். இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள். முழங்கையில் மாட்டிக் காட்டினேன். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து பார்த்தால் அக்கா நடைதான்.

உள்ஜிப்பில் ஹேர்பின் வைத்திருக்கிறேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

மழை. பையை எடுத்துப் போயிருப்பாளோ என்று மதியம் முழுக்கக் கவலை. போன் செய்து கேட்டேன். "என்னைக் கேட்க மாட்டீங்களா, நனைஞ்சேனா இல்லையான்னு?" என்றாள். அதுவும் சரிதான். கேட்டேன். நனைந்தாளாம். பை நனையவில்லையாம், துப்பட்டாவை அதற்குப் போர்த்திவிட்டாளாம்.

மே 3, ஞாயிறு

அக்கா மகள் வந்தாள். தலையில் நான் வைத்த ஹேர்பின்.

பையை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். பிடியின் உள்பக்கம், விரல் படுகிற இடத்தில், லேசாக நிறம் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை என்கிறாள். எனக்குத் தெரிகிறது.

உள்ஜிப்பைத் திறந்தேன். காபி மிட்டாய்த் தாள் ஒன்று, நாலாக மடித்து. தாள் மட்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கேடி மிட்டாய்?"

"வர்ற வழியில கரைஞ்சு போச்சு சித்தி."